பட்டாளத்துக்குப் புத்தகம் எழுதியவர்

1778-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி.

அமெரிக்காவில் வாலி போர்ஜ் என்ற இடத்தில் ஒரு மைதானம். குளிர் இன்னும் விடவில்லை. பொறுக்கி எடுத்த சிப்பாய்கள் சுமார் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைச் சுற்றி மற்ற சிப்பாய்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அவர்களில் பலருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. சிலருக்கு உடம்பில் நல்ல சட்டை கூட இல்லை.

ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து அவர்கள் முன்னால் நின்றார். தடித்த உடம்பு. வயது 47. மார்பில் பெரிய நட்சத்திரப் பதக்கம் மின்னியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எதிரே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தவிர வேறு பாஷை தெரியாது!

அவர் ஒரு துப்பாக்கியை வாங்கினார். தாமே தோளில் சாத்திக் காட்டினார். தாமே இறக்கிக் காட்டினார். பிறகு சிப்பாய்களை ஒவ்வொருவராகத் தொட்டு, நிற்க வேண்டிய விதத்தைத் திருத்தினார்.

கூடியிருந்த அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். சிப்பாய்க்குக் கவாத்து சொல்லிக் கொடுப்பது சார்ஜெண்டின் வேலை. பிரிட்டிஷ் பட்டாளத்தில் அதுதான் வழக்கம். அமெரிக்க அதிகாரிகளும் அதையே பின்பற்றி வந்தார்கள். கை அழுக்காகும்படி ஒரு பெரிய அதிகாரி மைதானத்தில் இறங்கி அவர்கள் பார்த்ததில்லை.

அவர்தான் ஸ்டூபன். அன்று அவர் நடத்திய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இனிமேல்தான் அந்தப் புத்தகம் எழுதப்பட வேண்டும். எழுத எழுதப் பாடம். பாடம் நடக்க நடக்க எழுத்து. இப்படித்தான் அந்த வேலை தொடங்கியது.

பட்டாளத்திலேயே வளர்ந்தவர்

ஸ்டூபன் 1730-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி மாக்டபர்க் நகரில் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல சிறு ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் பலம் மிகுந்த ஒன்று பிரஷ்யா. ஸ்டூபனின் தந்தை பிரஷ்யப் பட்டாளத்தில் என்ஜினீயர். பிள்ளை பேசத் தொடங்கியபோதே பீரங்கியின் பேரும் தெரிந்திருக்கும்!

பதினேழு வயது வாக்கில் ஸ்டூபனும் பட்டாளத்தில் சேர்ந்தார். 1756-ல் ஏழாண்டுப் போர் மூண்டது. உலகத்தின் பல பாகங்களில் நடந்த போர் அது. அதே போரில்தான் நம் வந்தவாசியில் 1760-ல் வெள்ளைக்காரரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஸ்டூபன் ஐரோப்பாவில் போரிட்டார். இரண்டு தடவை காயம் பட்டார். ரஷியர்களிடம் சிறைப்பட்டு விடுதலையானார்.

பிறகு மகா பிரடரிக் என்று புகழப்பட்ட பிரஷ்ய மன்னரின் தலைமை நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மன்னர் சில இளம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து, தாமே பாடம் நடத்துவது உண்டு. அந்த வகுப்பிலும் ஸ்டூபன் இருந்தார்.

ஒரு பட்டாளம் எப்படி நடக்கிறது என்பதை அவர் கற்றது இங்கேதான். குண்டு போடுவதும் குதிரை ஏறுவதும் வெளியே தெரியும் வேலைகள். அவற்றுக்குப் பின்னால் ஆயிரம் வேலைகள் உண்டு. எத்தனை ஆள், எத்தனை ரொட்டி, எத்தனை துப்பாக்கி, யார் எங்கே படுப்பது, யார் யாருக்கு உத்தரவு சொல்வது என்பதெல்லாம் கணக்காக எழுதப்பட வேண்டும். மற்றப் பட்டாளங்களில் இந்த வேலையைப் பெரிதாக மதிக்கவில்லை. பிரஷ்யாவில் அதை ஒரு வித்தையாகவே வளர்த்திருந்தார்கள்.

வேலை போயிற்று

1763-ல் போர் முடிந்தது. பட்டாளத்தைக் குறைத்தார்கள். ஸ்டூபனும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவர் வெறும் காப்டன். வயது 32.

ஒரு சிறிய ஜெர்மன் சமஸ்தானத்தில் அரண்மனை நிர்வாகி உத்தியோகம் கிடைத்தது. பெரிய பேர், சிறிய சம்பளம். பக்கத்து ராஜ்யமான பேடன் அவருக்கு ஒரு நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது. அந்த நட்சத்திரம் கடைசி வரை அவருடன் இருந்தது. ஆனால் நட்சத்திரத்தை வைத்துக் கடனை அடைக்க முடியுமா? சமஸ்தானமே கடனில் மூழ்கியிருந்தது. கடன் வாங்குவதற்காக ராஜாவும் ஸ்டூபனும் பிரான்சுக்குப் போய்ச் சில ஆண்டுகள் அலைந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1777-ல் ஸ்டூபனுக்கு வேலை இல்லை. கையில் காசு இல்லை. கலியாணமும் ஆகவில்லை. தெரிந்தது பட்டாள வேலை ஒன்றுதான். அதை விரும்பிக் கூப்பிட ஐரோப்பாவில் யாரும் இல்லை.

அந்த ஆண்டு அவர் பாரிஸ் சென்றார். அங்கே அமெரிக்காவின் தூதராக இருந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னல் என்பது மின்சாரமே என்று கண்டு சொன்ன அதே பிராங்க்ளின்தான். அமெரிக்கர்கள் அப்போது பிரிட்டனை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்திக் கொண்டிருந்தார்கள். தேர்ந்த அதிகாரிகள் அவர்களுக்குத் தேவை. ஆனால் பிராங்க்ளினிடம் கொடுக்கப் பணம் இல்லை. பதவியைப் பற்றி வாக்குக் கொடுக்கவும் அதிகாரம் இல்லை. ஸ்டூபன் மனம் வெறுத்துத் திரும்பிப் போனார்.

சில வாரங்களில் மறுபடியும் வந்தார். வேறு வழி இல்லை!

கடிதத்தில் ஒரு பொய்

இம்முறை ஏற்பாடுகள் நடந்தன. பிரெஞ்சு யுத்த மந்திரி அவரைச் சிபாரிசு செய்தார். போமார்ஷே என்ற நாடகாசிரியர் கப்பல் செலவுக்குப் பணம் உதவினார். பிராங்க்ளின், அமெரிக்கப் படையின் தலைவர் வாஷிங்டனுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தில், ஸ்டூபன் பிரஷ்ய மன்னரிடம் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று கண்டிருந்தது!

காப்டன் எங்கே, லெப்டினன்ட் ஜெனரல் எங்கே! தாலுகா குமாஸ்தாவைக் கலெக்டர் என்று எழுதியது போல. ஸ்டூபன் இந்தப் பொய்யைத் திருத்தவில்லை. அமெரிக்காவில் இறங்கிய பிறகும் அந்தப் பட்டத்தோடுதான் நடமாடினார். பெரிய பொய்தான், சந்தேகம் இல்லை. ஆனால் காப்டன் என்று சொல்லியிருந்தால் அவரை யாரும் வாசலில் கூட விட்டிருக்க மாட்டார்கள். ஏற்கனவே வந்திறங்கிய வெளிநாட்டுப் பட்டதாரிகளால் அமெரிக்கர்கள் சலித்துப் போயிருந்தார்கள்.

1777-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஸ்டூபன் மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். கூட வந்தவன் துபோன்சோ என்ற பிரெஞ்சு இளைஞன். வயது 17. அவனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவன்தான் காரியதரிசி, அவன்தான் துபாஷி. அசோர் என்ற வேட்டை நாய் ஒன்றும் உடன் வந்தது. டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள்.

அமெரிக்கப் பிரதிநிதிகளின் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். ஸ்டூபன் அந்தச் சபையைப் பார்த்தார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போதைக்குச் சாப்பாட்டுச் செலவு, பிரயாணச் செலவு போதும். போரில் ஜெயித்தால் பிறகு பார்த்துக் கொடுங்கள். தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. காசு இல்லாத காங்கிரசுக்கு இதைவிட இனிப்பான பேச்சு உண்டா? உடனே ஒப்புக் கொண்டார்கள்.

வாலி போர்ஜ்

1778 பிப்ரவரி 23-ந் தேதி ஸ்டூபன் வாலி போர்ஜ் வந்து சேர்ந்தார்.

பிலடெல்பியா நகரம் பிரிட்டிஷார் கையில் இருந்தது. அதற்குச் சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் வாஷிங்டனின் பட்டாளம் பனிக்காலத்தைக் கழிக்க முகாம் போட்டிருந்தது. டிசம்பரில் வந்தபோது சுமார் 12 ஆயிரம் பேர். மரங்களை வெட்டிக் குடிசை கட்டிக் கொண்டார்கள். உணவு வண்டிகள் ஒழுங்காக வரவில்லை. அம்மையும் காய்ச்சலும் பரவின. அந்த முகாமில் இறந்தவர்கள் சுமார் 2 ஆயிரம் பேர். அவர்களைக் கொன்றது எதிரியின் குண்டு அல்ல. நோய்தான்.

ஸ்டூபன் முகாமைச் சுற்றிப் பார்த்தார். செத்த குதிரைகள் அப்படியே கிடந்தன. கழிக்க ஒரு தனி இடம் என்பது இல்லை. துப்பாக்கிகள் துருப்பிடித்திருந்தன. துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் என்ற ஈட்டி, இறைச்சி சுடுவதற்குத்தான் பயன்பட்டது! வேலைக் காலம் முடிந்த சிப்பாய், சர்க்கார் துப்பாக்கியைத் தோளில் போட்டுக் கொண்டு ஊருக்குப் போய்விடுவான். கேட்பார் இல்லை. ஏனென்றால் கணக்கு இல்லை.

ஆள் கணக்கும் அப்படியே. ஒரு ரெஜிமென்டில் நூற்றுக்கணக்கான பேர் இருக்க வேண்டும். 30 பேரே உள்ள ரெஜிமென்டைப் பார்த்ததாக ஸ்டூபன் எழுதி வைத்தார். ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தானாம்!

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அமெரிக்கா 13 மாகாணங்களாக இருந்தது. ஒவ்வொரு மாகாணமும் தன் தன் பட்டாளத்தை அனுப்பியிருந்தது. ஒரு கர்னல் பிரிட்டிஷ் முறையில் கவாத்து பழக்குவார். இன்னொருவர் பிரெஞ்சு முறை. மூன்றாமவர் தமக்குத் தோன்றிய முறை. ஒரே உத்தரவுக்கு ஒரு படை வலது பக்கம் திரும்பும். மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்கும். இவர்களைச் சேர்த்து ஒரு போர்க்களத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்?

வீரத்துக்குக் குறைவில்லை. பசியிலும் குளிரிலும் ஓடிப்போகாமல் நின்றவர்கள் அவர்கள். இல்லாதது ஒன்றுதான். எல்லாருக்கும் பொதுவான, எழுதி வைத்த முறை இல்லை.

இரவில் எழுத்து, பகலில் கவாத்து

அந்த முறையை எழுதும் பொறுப்பை வாஷிங்டன் ஸ்டூபனிடம் ஒப்படைத்தார். கால அவகாசம் இல்லை. வசந்த காலம் வந்தால் பிரிட்டிஷ் பட்டாளம் புறப்பட்டுவிடும்.

முழுப் புத்தகம் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஸ்டூபன் கண்டுகொண்டார். ஆகவே அன்றன்றைக்குத் தேவையான பாடத்தை மட்டும் எழுதினார். இரவில் விளக்கு வைத்துக் கொண்டு பிரெஞ்சு மொழியில் எழுதுவார். துபோன்சோ அதை ஆங்கிலத்தில் மாற்றுவான். ஆனால் அந்தப் பையனுக்குப் பட்டாளப் பேச்சு தெரியாது. ஆகவே வாஷிங்டனின் உதவி அதிகாரிகளான ஹாமில்டனும் லாரன்சும் அதைத் திருத்திக் கொடுப்பார்கள். முகாமில் அச்சு யந்திரம் கிடையாது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுதிக் கொண்டு போவார். அவரிடமிருந்து கீழே உள்ளவர்கள் எழுதிக் கொள்வார்கள். இப்படி ஒரு தாள் பல நூறு தாளாகும்.

முதலில் அந்த நூறு பேர் கற்றார்கள். பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றார்கள். சில நாட்களுக்குள் முகாம் முழுவதும் ஒரே கவாத்து நடந்தது.

ஸ்டூபன் பிரஷ்யாவின் கவாத்தை அப்படியே கொண்டு வந்து கொட்டவில்லை. அங்கே வருடக் கணக்கில் பழக்குவார்கள். இங்கே இருப்பது வாரக் கணக்கு. ஆகவே துப்பாக்கியைக் கையாளும் அசைவுகளைக் குறைத்தார். அழகுக்காக இருந்தவற்றை வெட்டித் தள்ளினார்.

மைதானத்தில் கேலிக்கும் குறைவில்லை. ஒரு நாள் சிப்பாய்கள் தப்பும் தவறுமாகத் திரும்பினார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதிக் கொண்டார்கள். ஸ்டூபனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெர்மன் மொழியில் திட்டினார். பிரெஞ்சு மொழியில் திட்டினார். கையில் இருந்த வசவெல்லாம் தீர்ந்து போயிற்று! அப்போது வாக்கர் என்ற காப்டன் முன்னால் வந்தார். தமக்குப் பிரெஞ்சு தெரியும் என்றும், உதவி செய்ய அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார். தேவதையைக் கண்டது போல ஸ்டூபன் மகிழ்ந்தார். அன்று முதல் திட்டுவதையும் வாக்கர்தான் மொழிபெயர்த்தார். சிப்பாய்கள் சிரித்தார்கள். சிரித்துக் கொண்டே கற்றார்கள்.

இந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஸ்டூபன் ஒரு விஷயத்தைக் கற்றுக் கொண்டார். ஐரோப்பாவில் இருந்த பழைய நண்பர் ஒருவருக்கு அதைக் கடிதத்தில் எழுதினார். பிரஷ்யச் சிப்பாயிடம் இதைச் செய் என்றால் செய்துவிடுவான். இங்கே ஏன் செய்ய வேண்டும் என்று முதலில் விளக்கியாக வேண்டும், அதன் பிறகுதான் செய்கிறான் என்பது அதன் சாரம். இது அவருக்குப் புதிது. ஆனால் அவர் சலித்துக் கொள்ளவில்லை. விளக்கத் தொடங்கினார்.

முகாமில் அவர் ஒரு விருந்தும் வைத்தார். அந்த விருந்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. கிழியாத காற்சட்டை போட்டவருக்கு இடம் கிடையாது! இளம் அதிகாரிகள் கந்தல் உடையில் கூட்டமாக வந்து, முரட்டு இறைச்சியும் உருளைக் கிழங்கும் சாப்பிட்டு, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். மரியாதைக் குறைவாக இருந்த கந்தலை அவர் ஒரே இரவில் மரியாதையாக ஆக்கிவிட்டார்.

பலன் தெரிந்தது

பிரான்ஸ் அமெரிக்காவுடன் கூட்டுச் சேர்ந்தது. அதைக் கொண்டாட 1778 மே 6-ந் தேதி முகாமில் அணிவகுப்பு நடந்தது. இரண்டே மாதங்களுக்கு முன் தாறுமாறாக நின்ற பட்டாளம், நூல் பிடித்தது போல நடந்தது. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை துப்பாக்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக, தப்பாமல் வெடித்தன. அதற்கு முந்தின நாளே காங்கிரஸ் ஸ்டூபனை மேஜர் ஜெனரலாகவும், பட்டாளத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகவும் நியமித்திருந்தது. பொய்யாகச் சொன்ன ஜெனரல் பட்டம் இப்போது மெய்யாயிற்று!

உண்மையான பரீட்சை ஜூன் 28-ந் தேதி வந்தது. மன்மவுத் என்ற இடத்தில் கொளுத்தும் வெயிலில் சண்டை. அமெரிக்கரின் முன்னணிப் படை பின்வாங்கி வந்தது. வாஷிங்டன் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். கலைந்து வந்தவர்களை மறுபடி அணிவகுக்கச் செய்யும் வேலை ஸ்டூபனிடம் வந்தது. குண்டுகள் விழுந்து கொண்டிருந்தன. ஆனாலும் சிப்பாய்கள் மைதானத்தில் பழகியது போலவே வரிசையாகத் திரும்பி நின்றார்கள். அன்று யாருக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் இரவோடு இரவாகக் களத்தை விட்டுப் போனவர்கள் பிரிட்டிஷார்.

இதற்கிடையே பொறாமையும் கிளம்பியது. எங்கள் படையைச் சோதிக்க இந்த வெளிநாட்டான் யார் என்று சில ஜெனரல்கள் முணுமுணுத்தார்கள். வாஷிங்டன் இன்ஸ்பெக்டரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டினார். ஸ்டூபன் மனம் நொந்தார். காங்கிரசிடம் போய் முறையிட்டார். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தக் கசப்போடுதான் அவர் தம் வாழ்நாளின் பெரிய வேலையில் உட்கார்ந்தார்.

புத்தகம்

கையெழுத்துத் தாள்கள் எத்தனை நாள் தாங்கும்? எழுதுகிறவன் ஒரு வரியை விட்டுவிட்டால், அந்த வரி அதற்குக் கீழே உள்ள ரெஜிமென்ட் முழுவதற்கும் இல்லாமல் போகும். ஆகவே அச்சிட்ட புத்தகம் வேண்டும்.

1778-ம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஸ்டூபன் பிலடெல்பியாவில் தங்கினார். பிரிட்டிஷார் அந்த நகரை விட்டுப் போயிருந்தார்கள். அவர் அறை ஒரு சிறு தொழிற்சாலை போல இருந்தது. ஸ்டூபன் நினைவிலிருந்து எழுதுவார். அவருடைய பிரெஞ்சில் ஜெர்மன் வாடை வீசும். பிளூரி என்ற பிரெஞ்சு அதிகாரி அதை நல்ல பிரெஞ்சாக மாற்றுவார். துபோன்சோ ஆங்கிலத்தில் ஆக்குவான். வாக்கர் அதைச் சிப்பாய்க்குப் புரியும் ஆங்கிலமாகத் திருத்துவார். லான்பான் என்ற இளைஞர் படங்கள் வரைவார். வாஷிங்டன் நகருக்குப் பிற்காலத்தில் திட்டம் வரைந்து புகழ் பெற்றவர் இவரே.

எழுதி முடித்த பகுதிகள் வாஷிங்டனிடம் போயின. அவர் படித்து, குறிப்புகள் எழுதித் திருப்பி அனுப்பினார். மற்ற ஜெனரல்களிடமும் கருத்துக் கேட்டார்கள். குறிப்பு வந்ததும் ஸ்டூபன் திருத்துவார். திருத்தியது மறுபடி நான்கு கை மாறும். ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு பாஷைகளில் புடம் போடப்பட்டது. அவசரக்காரரான ஸ்டூபனுக்கு இது பெரிய தவம்!

புத்தகத்தில் 25 அத்தியாயங்கள். 8 படங்கள். சாதாரண நடையில் ஒரு அடி எடுத்து வைத்தால் இரண்டு அடி நீளம். நிமிஷத்துக்குச் சுமார் 75 அடி நடக்க வேண்டும். விரைவு நடை என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 120. இப்படி எல்லாம் திட்டமாக எழுதினார்.

கவாத்து பாதிதான். மீதி, பட்டாளம் எப்படி வாழ வேண்டும் என்பது. கூடாரங்களை எப்படி அடிப்பது, சமையல் எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. சமையல் கூடாரங்களுக்குப் பின்னால். முன் வரிசைப் படையின் கக்கூஸ் முகாமுக்கு முன்னால் 300 அடி தள்ளி. வாலி போர்ஜில் நோயில் செத்தவர்களை நேரில் பார்த்தவர் எழுதிய விதி இது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேரேடு வைக்க வேண்டும். சிப்பாயின் பெயர், அங்க அடையாளம், தொழில், பிறந்த ஊர், சேர்ந்த தேதி, எத்தனை காலத்துக்குச் சேர்ந்தான், அவனிடம் கொடுத்த சாமான்கள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். துப்பாக்கியை ஊருக்குத் தூக்கிப் போகும் கதை இனி நடக்காது!

புத்தகத்தின் கடைசியில், கர்னல் முதல் சாதாரணச் சிப்பாய் வரை ஒவ்வொருவருக்கும் உரிய கடமைகளைத் தனித்தனியாக எழுதினார். காப்டனுக்கு எழுதிய பகுதியைப் படித்தால் வியப்பு உண்டாகும். காப்டன் தம் ஆட்களின் அன்பைச் சம்பாதிப்பதுதான் முதல் வேலை என்கிறார். ஒவ்வொருவனையும் பேரும் குணமும் அறிந்திருக்க வேண்டும். குறையை விசாரித்துத் தீர்க்க வேண்டும். நோயாளிகளை அடிக்கடி போய்ப் பார்த்து இதமாகப் பேச வேண்டும். சிப்பாயைப் பிரம்பால் அடித்துப் பழக்கிய பிரஷ்யாவில் வளர்ந்தவர் எழுதிய எழுத்து இது! வாலி போர்ஜில் கேட்ட ஏன் என்ற கேள்வி, அவரையே மாற்றிவிட்டது.

1779 மார்ச் 29-ந் தேதி காங்கிரஸ் அந்தப் புத்தகத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 3 ஆயிரம் பிரதிகள் அச்சிட உத்தரவாயிற்று.

நீல அட்டை

எழுதியது ஒரு பனிக்காலத்தில் முடிந்தது. அச்சிட்டுக் கட்டுவதற்குப் பட்ட பாடு பெரிது.

போர்க் காலம். நல்ல காகிதம் கிடைக்கவில்லை. தோட்டா சுற்றவும் காகிதம்தான் வேண்டும். ஸ்டைனர், சிஸ்ட் என்ற இரண்டு அச்சாபீஸ்காரர்கள் வேலையை ஏற்றார்கள். அச்சு ஒருவாறு நடந்தது. படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி, தனியே அச்சிட்டுச் சேர்க்க வேண்டும். அப்புறம் பைண்டு செய்ய ஆள் வேண்டும். பைண்டு செய்பவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். அவர்களும் மெதுவாகவே வேலை செய்தார்கள்.

முகாமில் ஸ்டூபன் துடித்துக் கொண்டிருந்தார். புத்தகம் எங்கே, எத்தனை தயார் என்று யுத்த போர்டில் இருந்த பிக்கரிங் என்பவரை நச்சரித்தார். பிக்கரிங் என்ன செய்வார்? தாமதத்துக்குக் காரணத்தைப் பதிலாக அனுப்பினார். கோடை வந்தது. படை புறப்படும் காலமும் வந்தது. புத்தகம் சிறிது சிறிதாகத்தான் வந்து சேர்ந்தது.

முழுத் தோல் அட்டைக்கு வழியில்லை. கையில் கிடைத்த நீலக் காகிதத்தை அட்டைக்கு ஒட்டினார்கள். அதுவே பேராகிவிட்டது. நீலப் புத்தகம் என்றே சிப்பாய்கள் அழைத்தார்கள். இது முதல் பாகம் என்று முகப்பில் அச்சிட்டிருந்தது. இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அந்த ஆண்டு ஜூலை 16-ந் தேதி நள்ளிரவில் அமெரிக்கப் படை ஸ்டோனி பாயிண்ட் என்ற கோட்டையைத் தாக்கியது. துப்பாக்கியில் குண்டு போடக் கூடாது என்று உத்தரவு. ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் காரியம் கெட்டுவிடும். பயனெட்டை மட்டும் நம்பிப் போனார்கள். கோட்டை விழுந்தது. முன்பு இறைச்சி சுட்ட அதே பயனெட்! எல்லாருக்கும் முன்னால் உள்ளே குதித்துப் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் யார் தெரியுமா? ஸ்டூபனின் எழுத்தை நல்ல பிரெஞ்சாக மாற்றிய பிளூரி! காங்கிரஸ் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

பிறகு

1781-ல் யார்க்டவுன் முற்றுகையில் ஸ்டூபன் ஒரு டிவிஷனுக்குத் தலைமை வகித்தார். அங்கே சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். பின்னாளில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்பு சுல்தானுடன் போரிட்ட அதே காரன்வாலிஸ்தான். அந்தச் சரணாகதியோடு பெரும் சண்டைகள் ஓய்ந்தன.

1783 டிசம்பர் 23-ந் தேதி வாஷிங்டன் சேனாதிபதி பதவியிலிருந்து விலகினார். அந்தப் பதவியில் இருந்தபடி அவர் எழுதிய கடைசிக் கடிதம் ஸ்டூபனுக்கு எழுதிய நன்றிக் கடிதம்.

நன்றி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஜெயித்தால் கொடுங்கள் என்று சொன்னாரே, அந்தக் கணக்கு இழுத்துக் கொண்டே போயிற்று. ஆயிரம் பேருக்குச் சாமான் கணக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர், தம் சொந்த வரவு செலவில் மகா ஊதாரி! கையில் உள்ளதைக் கொடுத்துவிடுவார். இல்லாதபோது கடன் வாங்குவார். நியூயார்க் மாகாணம் அவருக்கு 16 ஆயிரம் ஏக்கர் காட்டு நிலம் கொடுத்தது. 1790-ல்தான் காங்கிரஸ் ஆண்டுக்கு 2,500 டாலர் பென்ஷன் ஏற்படுத்தியது.

1792-ல் மாகாணப் படைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. நீலப் புத்தகத்தில் கண்ட விதிகளையே எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று அது சொன்னது. 1812-ல் பிரிட்டனோடு மறுபடி போர் மூண்ட காலம் வரை அந்தப் புத்தகம் வழக்கில் இருந்தது.

ஸ்டூபன் கடைசிக் காலத்தில் தம் காட்டு நிலத்தில் மரக் கட்டைகளால் ஒரு வீடு கட்டிக் கொண்டு கோடை காலங்களில் வசித்தார். மனைவி மக்கள் இல்லை. போர்க்காலத்தில் உதவியாளர்களாக இருந்த வாக்கரையும் நார்த் என்பவரையும் பிள்ளைகள் போல வைத்துக் கொண்டு, சொத்தை அவர்களுக்கே எழுதி வைத்தார். துபோன்சோ பிலடெல்பியாவில் பேர் பெற்ற வக்கீலானார்.

1794-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி அந்த மர வீட்டில் ஸ்டூபன் காலமானார். வயது 64. அவர் விருப்பப்படியே உடலைப் பட்டாள அங்கியில் சுற்றி, மார்பில் அந்தப் பழைய நட்சத்திரத்தைச் சூட்டி, வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் அடக்கம் செய்தார்கள்.